நாலு விரல் குறை

என்னோடு ஒரே காலத்தில் பிறந்து இன்னும் மிச்சமிருக்கிறவர்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். இளசுகளுக்குச் சொன்னால் பாதியில் எழும்பிப் போய்விடுவார்கள். போன மாதம் கிளினிக்கில் ஒரு தாதிப் பிள்ளை என்னைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்தாள். பழைய அட்டையைப் பார்த்தாள். திரும்பவும் அளந்தாள்.

"அம்மா, நிமிந்து நில்லுங்கோ."

"நிமிந்துதான் பிள்ளை நிக்கிறன்."

"அப்ப நீங்கள் நல்லாக் குறைஞ்சு போனீங்கள்."

எவ்வளவு என்று கேட்டேன். அவள் ஏதோ கணக்கில் சொன்னாள். எனக்கு அது விளங்கவில்லை. அவள் சுவர் அளவில் காட்டிய என் பழைய உயரக் கோட்டுக்கும் புதிய கோட்டுக்கும் நடுவில் என் விரல்களை வைத்துப் பார்த்தேன். நாலு விரல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் எப்போதுமே ஓரிடத்தில் இருக்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அடுப்படிக்கும் வாசல் படலைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். என் வாயும் அப்படித்தான், சும்மா கிடக்காது. அந்த வாய் செய்த ஒரு காரியத்தையும் கடைசியில் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எனக்கு ஒன்பது வயது. தீவில் கீரி என்ற கரையூருக்குக் கிட்ட எங்கள் வீடு. அப்பா கடலுக்குப் போகிறவர். வீட்டில் அம்மா, நான், என்னைவிட நாலு வயது இளைய தம்பி. அந்த மாரியில் குலைப்பன் காய்ச்சல் ஊரைச் சுற்றி வந்து என்னையும் பிடித்தது. அப்பாவின் பழைய பாய்ச்சீலையையும் சாக்கையும் மேலே போட்டு மூடியும் எனக்குப் பல் கிடுகிடுத்தது. கொயினா மருந்தின் கசப்பு நாக்கை விட்டுப் போகவே இல்லை. ஊருக்கு வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி ஐயா வந்து கண்ணாடிக் குழாயை என் கக்கத்தில் வைத்து எடுத்துப் பார்த்துவிட்டு, "ஹை ஃபீவர்" என்றார்.

"அப்படியெண்டால் என்னையா?" என்று அப்பா கேட்டார்.

"ஏறிப்போச்சு. இறங்கினால்தான் பிள்ளை தப்பும்."

அம்மா எழும்பினா. மூலையில் அப்பா புதிதாக வாங்கி வைத்திருந்த வலை நூல் பந்தை எடுத்து வந்தா. படுத்துக் கிடந்த என் குதிக்காலில் ஒரு நுனியை வைத்து, உச்சந்தலை வரை இழுத்துப் பிடித்து அறுத்தா. இரண்டு நுனியிலும் முடிச்சுப் போட்டா. பிறகு முழங்காலில் நின்று, வீடு முழுக்கக் கேட்கச் சொன்னா: "மடு மாதாவே, இந்தக் காய்ச்சலை இறக்கி என்ர பிள்ளையைத் தா. அவளின்ர உசரத்துக்கு உனக்கு மெழுகுதிரி கொளுத்திறன்."

எங்கள் ஆட்களுக்கு இது தெரிந்த நேர்த்திதான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளை அளந்த நூலேதான் மெழுகுதிரிக்குத் திரியாகும். கோவிலுக்குக் கொண்டு போகும் வரைக்கும் அதில் கத்தி படக்கூடாது, வேறு நூலை முடியக்கூடாது. அம்மா அதை மாதா படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கவிட்டா. மூன்றாம் நாள் எனக்குக் குப்பென்று வேர்த்து, பாய் நனைந்து, காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆடித் திருவிழாவுக்கு மடுக் காட்டில் இருக்கிற மாதா கோவிலுக்குப் போவதென்று முடிவாயிற்று.

இனித்தான் பிழை நடந்தது. நான் இதைக் கடைசிவரை ஒளித்து வைத்துக் கதை சொல்ல மாட்டேன், எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தவசு காலம் தொடங்குமுன் அம்மா வீட்டைக் காய்ச்சல் போகக் கழுவினா. பாயை எரித்தா. சாக்கை அவித்துக் காயப்போட்டா. அப்போது அவவின் கண் அந்த நூலில் விழுந்தது. "வேர்வை பட்ட நூலை எப்பிடி மாதாவிட்டக் கொண்டு போறது?" என்றா. நல்ல தண்ணீரில் இரண்டு சொட்டுத் தீர்த்தம் விட்டு, ஒரு பகல் முழுக்க ஊறவைத்து, பிழிந்து, கொடியில் காயப்போட்டு, திரும்ப ஆணியில் மாட்டினா.

புதுப் பருத்தி நூல் முதல் தண்ணீரில் சுருங்கும். எங்கள் வீட்டில் இதைத் தெரியாத ஆள் கிடையாது. அப்பா புது நூல் வாங்கினால் மூன்று நாள் ஊறவைத்து, இரண்டு கட்டைக்கு நடுவே இழுத்துக் கட்டிக் காயவிட்டுத்தான் வலை பின்னத் தொடங்குவார். ஊறவைக்காத நூலில் யாராவது ஒரு கண் பின்னிவிட்டால் வீடு இரண்டாகும். ஐந்து வயதுத் தம்பிக்குக்கூட அது தெரியும். ஆனால் அந்த நூல் ஆணியில் ஏறியவுடன் அது வலை நூல் என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று. அது மாதாவின் நூல். மாதாவின் நூல் சுருங்கும் என்று யாருடைய புத்திக்கும் ஏறவில்லை. அது கொடியில் காய்கையில் அப்பா அதற்குக் கீழே குனிந்து போய் வந்தார். அவருக்கும் ஏறவில்லை.

குருத்தோலை ஞாயிறன்று வாத்தியார் எங்களைச் சுற்றுப்பிரகாரத்துக்கு உயரப்படி நிறுத்தினார். கட்டைகள் முன்னுக்கு, நெட்டைகள் பின்னுக்கு. நான் எப்போதும் மூன்றாம் ஆள். அன்று வாத்தியார் என் தலையில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நீ பின்னுக்குப் போ. காய்ச்சல் உன்னை இழுத்து விட்டிருக்கு" என்று ஐந்தாம் ஆளாக்கினார். மற்றப் பிள்ளையானால் சந்தோசப்பட்டிருக்கும். எனக்கு ஆணியில் தொங்கிய நூல்தான் ஞாபகம் வந்தது. கையில் ஓலையோடு வீட்டுக்கு ஓடினேன். அம்மா இன்னும் கோவிலில். நூலை ஆணியிலிருந்து கழற்றி, ஒரு முடிச்சைக் குதிக்காலில் மிதித்து, மற்ற முடிச்சை மேலே இழுத்தேன். அது என் நெற்றியோடு நின்றது. தம்பியைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னேன். முடிச்சுக்கும் என் உச்சிக்கும் நடுவில் அவன் என் விரல்களைப் பிடித்து வைத்தான். நாலு விரல்.

அந்த நாலில் ஒரு விரல் உண்மையாகவே நான் வளர்ந்தது. மிச்சம் மூன்றும் நூல் சுருங்கியது. ஆனால் அன்று எனக்கு நாலும் என் குற்றம்.

ஏன் அவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். பக்கத்து வளவு மாமிதான் காரணம். அந்த மனிசிக்குப் பிள்ளைகளைப் பயமுறுத்துவதில் ஒரு ருசி. காய்ச்சல் விட்டு நான் எழும்பி இருந்த கிழமையில் அவ வந்து என் பக்கத்தில் குந்தி, ஒரு பிள்ளையின் கதையைச் சொல்லியிருந்தா. "ஆளுசரத்துக்கு எண்டு நேர்ந்துபோட்டு, ஒரு விரல் கட்டையாத் திரி கொண்டு போச்சினம். வந்த வழியாலயே காய்ச்சல் திரும்பி வந்துது. இந்த முறை விட்டிட்டுப் போகேல்ல." ஒரு விரலுக்கே அப்படியென்றால் நாலு விரலுக்கு? ஆடித் திருவிழா முடிய நான் சாகப் போகிறேன் என்று நிச்சயமாக நம்பினேன். அம்மாவிடம் சொல்லவும் பயம். வளர்ந்தது நான் அல்லவா?

எங்கள் வாத்தியாருக்கு ஒரு பழக்கம். திங்கட்கிழமைகளில் ஒரு இங்கிலீசுச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதைக் கிழமை முழுக்க எங்களைக்கொண்டு மென்று துப்ப வைப்பார். பாஸ்கு முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய திங்களன்று எழுதிய சொல் 'ஹை'. அப்போதிக்கரி ஐயா என் காய்ச்சலுக்குச் சொன்ன அதே சொல். உயரம் என்று முதலில் சொன்னார். பிறகு அந்தச் சொல் போகிற இடமெல்லாம் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். கடல் ஏறுவது ஹை டைட். மூன்று சுவாமிமார் நின்று பாடும் பூசை ஹை மாஸ். கடலுக்கு அந்தப் பக்கம் பெரிய நீதவான் இருக்கும் இடம் ஹை கோர்ட். மீன் விலை ஏறினாலும் அதுதான், காற்று பலத்தாலும் அதுதான். துரைமார் இறைச்சியைத் தொங்கவிட்டு, மணம் எடுத்த பிறகு தின்பார்களாம். அந்த மணத்துக்கும் அதே சொல்லாம்.

"அப்ப எங்கட கருவாட்டுக் கொட்டில் எல்லாம் ஹை, வாத்தியார்" என்று பின் வரிசை வாங்கிலிருந்து ஒருவன் சொல்ல, வகுப்பே விழுந்து சிரித்தது. இப்போது என் பேரன்மார் வெறியில் மிதப்பதற்கும் அதைத்தான் சொல்கிறார்கள். வாத்தியார் இருந்திருந்தால் அதையும் கரும்பலகையில் எழுதியிருப்பார்.

நான் சிரிக்கவில்லை. எழும்பி நின்று கேட்டேன்: "காய்ச்சல் ஏறினால் இறங்கும். கடல் ஏறினால் வத்தும். விலையும் இறங்கும். ஆளின்ர உசரம் மட்டும் இறங்காதோ வாத்தியார்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "ஏன் இறங்காது? கிழவியானால் இறங்கும்."

"அதுமட்டும் பொறுக்க ஏலாது" என்றேன். திரும்பவும் சிரித்தார்கள். என்னை இருக்கச் சொன்னார். பாவம், நல்ல மனிசன். ஏன் கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன்.

ஆடிக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. இனியாவது வளரக்கூடாது, முடிந்தால் குறைய வேண்டும் என்று தொடங்கினேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்காமல் தலையில் வைத்து, தேவையில்லாமல் கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். கூனிக்கொண்டு நடந்தேன். முடங்கிப் படுத்தேன். என் மீனும் சோறும் வேலிக்கு அப்பால் நின்ற நாய்க்குப் போயிற்று. அந்த வருசம் எங்கள் வளவில் நன்றாக வளர்ந்தது அந்த நாய் ஒன்றுதான்.

அதுவும் போதாதென்று இன்னொன்று செய்தேன். படுத்துக் கிடக்கிற பிள்ளையைக் கடந்து போகக்கூடாது, கடந்தால் பிள்ளை வளராது, தெரியாமல் கடந்துவிட்டால் வந்த வழியே திரும்பக் கடக்க வேண்டும் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்களே, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு பின்னேரம் விறாந்தையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டேன்.

"என்னைக் கட."

"அம்மா அடிப்பா."

"பனங்கட்டி தாறன். கடவடா."

கடந்தான். சுற்றி வந்து அதே பக்கத்தால் திரும்பவும் கடந்தான். ஒவ்வொரு முறை அவன் காலின் நிழல் என் மேல் விழும்போதும் எனக்குள் ஒரு நிம்மதி இறங்கியது. அந்த நேரம் பார்த்து அம்மா கடற்கரையிலிருந்து மீன் கடகத்தோடு வந்துவிட்டா.

"அடப் பாவி! எத்தினை தரமடா கடந்தனீ?"

"பதினொண்டு."

அம்மா கடகத்தை அப்படியே போட்டுவிட்டு, என் தோளை நிலத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவனை வந்த வழியே பதினொரு தரம் திரும்பக் கடக்க வைத்தா. அவனுக்குச் சரியாக எண்ணத் தெரியாது என்று பயந்து இன்னும் மூன்று தரம் கூடக் கடக்க வைத்தா. நான் கிடந்து குழறிக் குழறி அழுதேன். கடந்ததற்காக அழுகிறேன் என்று அம்மா நினைத்தா. "சரி, சரி, எல்லாம் கழிஞ்சுது. இனி நல்லா வளருவாய்" என்று என் நெற்றியில் சிலுவை போட்டா.

நான் மெலிந்து போனேன். கழுத்தெலும்பு தெரிந்தது. அப்போதிக்கரி ஐயா மண்ணீரலை அழுத்திப் பார்த்துவிட்டு ஒரு கறுப்புத் தண்ணீர் கொடுத்தார். ஒரு மருந்தும் கேட்கவில்லை. அம்மாவுக்கோ வேறு பயம். "நேத்தி சுணங்குது. மாதா நினைப்பூட்டுறா" என்று அப்பாவிடம் சொல்வதைக் கேட்டேன். அவவும் நிலைகொள்ளாமல் திரிந்தா. சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வருவா. போவா. திரும்ப வருவா. நான் சாகாமல் இருக்கச் சாப்பிடாமல் கிடந்தேன். நான் சாப்பிடாமல் கிடப்பதைப் பார்த்து, நான் செத்துப்போவேன் என்று அவ செத்துக்கொண்டிருந்தா. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே பயத்தோடு இருந்தோம், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஆனி பிறந்த பிறகு உப்புக்குளத்திலிருந்து புடவைக்கார நானா, துணி விற்கிற முஸ்லிம் வியாபாரி, கழுதையில் பொதியோடு வந்தார். மடுவுக்குப் போக எனக்கு வெள்ளைத் துணியில் சட்டை தைக்க வேண்டும். துணியை என் தோளில் போட்டு அளந்தவர், "பிள்ளை ஏன் கூனிக்கொண்டு நிக்குது? நிமிந்து நில்லு மகள்" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "தங்கச்சி, இது கோடித் துணி. நனைச்சுக் காயவிட்டுத் தையுங்கோ. முழத்துக்கு ஒரு விரல் உள்ள வாங்கும்" என்றார்.

"எனக்கோ நானா சொல்லித் தாறீங்கள்? நான் வலைக்காரன்ர பெண்சாதி" என்று அம்மா சிரித்தா.

துணியை நனைத்தா. நூல் காய்ந்த அதே கொடியில் காயப்போட்டா. காய்ந்ததும் முழம் போட்டுப் பார்த்து, "சொன்ன மாதிரியே உள்ள வாங்கிப்போட்டுது" என்றா. பத்தடி தள்ளி ஆணியில் அந்த நூல் தொங்குகிறது. எனக்கு இப்போதும் அந்த இடத்துக்கு ஓடிப்போய் அம்மாவின் முகத்தைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பிவிட வேண்டும் போல இருக்கிறது.

திருவிழாவுக்கு மூன்று நாள் முந்தி, வண்டி கட்டிப் பாலத்தால் பெருநிலத்துக்குப் போனோம். நறுவிலிக்குளத்தில் என் பெரியம்மா வீடு. பெரியப்பா கமக்காரர். காட்டில் தேன் எடுக்கிறவர்களிடம் சொல்லி வைத்து மெழுகு வாங்கி வைத்திருந்தார். பழுப்பு நிறம், புகை மணம். அடுத்த நாள் காலையில் வேப்பங் கொப்பில் நூலைக் கட்டி, கீழ் முடிச்சைப் பெரியம்மா பிடித்துக்கொள்ள, அம்மா ஒருசந்தி விரதத்தோடு நின்று, உருக்கிய மெழுகைச் சிரட்டையால் அள்ளி அள்ளி வார்த்தா. வார்க்க வார்க்க நூல் பருத்தது. பிறகு நனைத்த பலகையில் போட்டு உருட்டினார்கள். பானையில் மெழுகு வழித்துத் தீர்ந்துவிட்டது. அம்மாவின் முகத்தில் பல மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

"வாடி, பக்கத்தில நில்லு பாப்பம்."

கூனிக்கொண்டு போய் நின்றேன். அம்மா என் முதுகில் கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளி நிமிர்த்தினா. மெழுகுதிரி என் நெற்றியோடு நின்றது. பெரியம்மா மெல்ல விரலை வைத்து அளந்தா.

எனக்கு அடக்க முடியவில்லை. "வேணுமெண்டு வளரேல்லையம்மா!" என்று கத்தினேன். "நான் சாப்பிடவே இல்லை. குடத்தைத் தலையில வச்சனான். தம்பியைக் கடக்கச் சொன்னனான். எண்டாலும் வளந்திட்டன். வேணுமெண்டு வளரேல்லை."

அம்மா அப்படியே மண்ணில் இருந்துவிட்டா. "அதுக்கோடி சாப்பிடாமல் கிடந்தனீ?" என்று கேட்டா. எழும்பி வந்து என் முதுகில் இரண்டு அடி போட்டா. மூன்றாவது அடிக்கு ஓங்கிய கையால் என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதா. பிறகு பெரியம்மாவிடம் சோறும் எருமைத் தயிரும் வாங்கி, பிசைந்து, தன் கையாலேயே ஊட்டினா. நான் தின்றேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், மூன்று கோப்பை தின்றேன்.

அப்பா சமாதானம் பேசினார். "காய்ச்சல் வந்தண்டைக்கு இருந்த உசரம்தானே இது. அதுக்குத்தானே நேர்ந்தது."

"நான் பிள்ளையை உசிரோட கேட்டனான். உசிரோட நிக்கிற உசரம் இது" என்றா அம்மா. "அதிலை நாலு விரலைக் களவெடுக்கச் சொல்லுறீங்களோ?"

"மெழுகு முடிஞ்சுது. நூலில முடிய ஏலாது. வாற வருசம் பாப்பமே" என்று பெரியம்மா சொன்னா.

"வாற வருசம் இன்னும் வளருவாள்."

அப்பா மெழுகுதிரியைச் சீலையில் சுற்றி வண்டியில் வைத்தார்.

மடுக் காட்டில் அந்த முறை சனம் பொங்கி வழிந்தது. மரத்துக்கு மரம் வண்டி, அடுப்பு, அழுகிற குழந்தைகள். கோவில் முன் வெளியில் மணலில் மெழுகுதிரிகளை நட்டுக் கொளுத்தியிருந்தார்கள். சாணளவு திரி, முழ அளவு திரி, நூற்றுக்கணக்கில். வெயிலோடு அந்தச் சூடும் சேர்ந்து முகத்தைப் பொசுக்கியது. அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அதற்குள்ளே போனா. எங்கள் திரியை மணலில் நட்டால் இன்னும் கட்டையாகிவிடும். அவ முழங்காலில் இருந்தா. வலது கையை நாலு விரலும் அடுக்கிப் பொத்தி, முட்டியை மணலில் குத்தி வைத்தா. அதன் மேல் மெழுகுதிரியை நிறுத்தி, மற்றக் கையால் பிடித்துக்கொண்டு அப்பாவைக் கொளுத்தச் சொன்னா.

இப்போது சுடர் என் உச்சந்தலைக்குச் சரியாக நின்றது.

மாதா பிரார்த்தனை தொடங்கியது. நீளமான பிரார்த்தனை, உங்களுக்குத் தெரியும். சுற்றி இருந்த சின்னத் திரிகள் காற்றுக்குச் சாய்ந்து அம்மாவின் மணிக்கட்டைச் சுட்டன. உருகிய மெழுகு மணலில் ஓடி வந்து விரலிடுக்கில் புகுந்தது. தோல் சிவந்து, பிறகு வெளுத்துப் பொங்கியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"காணும், எடுத்து நடு" என்று அப்பா குனிந்து சொன்னார்.

"பேசாமல் நில்லுங்கோ."

எனக்கு ஒரு யோசனை வந்தது. நீளப் பாவாடைக்குள்ளே மெதுவாக முழங்காலை மடக்கினேன். நாலு விரல் குறைந்துவிட்டால் அம்மா கையை எடுத்துவிடலாமே. அம்மா தலையைத் திருப்பாமலே கண்டுபிடித்துவிட்டா.

"நிமிந்து நில்லடி."

"அம்மா, கை…"

"நிமிந்து நில் எண்டனான்!"

நிமிர்ந்து நின்றேன். குருத்தோலை ஞாயிற்றுக்குப் பிறகு முதன்முறையாக முழு உயரத்துக்கும் நின்றேன். பிரார்த்தனை முடியும் வரைக்கும் அம்மா அந்தக் கையை எடுக்கவில்லை. என் காய்ச்சல் திரும்பி வரவும் இல்லை. அம்மாவின் வலது கை முட்டியில், பெருவிரல் தவிர நாலு விரலின் மேலும், சுருங்கிய ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் என்ன வந்தாலும் அம்மா அந்தத் தழும்பைப் பெருவிரலால் தடவுவா. எனக்கு இருமல் என்றால் தடவுவா. என் கலியாணத்தன்று, வண்டி ஏறும்போது தடவினா. என் முதல் பிள்ளைப்பேற்றில் இரண்டு நாள் இழுபட்டேன், அந்த இரண்டு நாளும் கட்டில் காலடியில் இருந்து தடவிக்கொண்டே இருந்தா. எனக்கு அதைப் பார்த்தால் இனி ஒரு கேடும் வராது என்று இருக்கும்.

இனி என் வாய் செய்த காரியம். நான் பிள்ளைக்காரியாகி, என் மகளுக்குச் சட்டை தைக்கத் துணி எடுத்தபோது, அந்தப் புடவைக்கார நானாவின் மகன், தகப்பன் சொன்ன அதே சொல்லைச் சொன்னார்: முழத்துக்கு ஒரு விரல் உள்ள வாங்கும். கையில் துணியோடு நின்றபடி நின்றேன். கொடி, நூல், தீர்த்தத் தண்ணீர் எல்லாம் ஒன்றாக வந்தன. ஏறக்குறைய மூன்று முழம் நூல், மூன்று விரல். இருக்க முடியுமா என்னால்? மத்தியான வெயிலில் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு ஓடினேன். அவ அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தா. மூச்சு வாங்கச் சிரித்துச் சிரித்துச் சொன்னேன்.

"நான் வளரேல்லையம்மா! நூல்தான் சுருங்கினது! நீங்கள் தண்ணியில போட்டீங்களெல்லே? கையை வீணாச் சுட்டுக்கொண்டீங்கள்."

அம்மா சிரிக்கவில்லை. சுளகைக் கீழே வைத்தா. என்னைப் பார்த்தா.

"ஏன் பிள்ளை இதை எனக்குச் சொன்னனீ?" என்று கேட்டா.

அந்தக் கையைச் சீலைத் தலைப்புக்குள் எடுத்து வைத்துக்கொண்டா. அவ்வளவுதான். எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தா. ஆனால் அதற்குப் பிறகு அவ தழும்பைத் தடவி நான் கண்டதில்லை. என் மகள் அம்மாள் வருத்தம் வந்து கொப்புளத்தோடு கிடந்த கிழமை முழுவதும் பக்கத்தில்தான் இருந்தா, இரண்டு கையையும் என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தா. என் உயிருக்கு அம்மா கொடுத்த விலை அது. அதை வீண் என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், அதுவும் சிரித்துக்கொண்டு. பக்கத்து வளவு மாமியின் வாய்க்கும் என் வாய்க்கும் என்ன வித்தியாசம்?

அம்மா போனபோது பெண்கள் குளிப்பாட்டி, சீலை உடுத்தி, நெஞ்சில் கைகளைக் கோத்து, செபமாலையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். வலது கை கீழே போய், தழும்பு மறைந்து கிடந்தது. நான் செபமாலையை அவிழ்த்து, கைகளைப் பிரித்து, வலது கையை மேலே வைத்துத் திரும்பக் கட்டினேன். தம்பி பக்கத்தில் வந்து குனிந்து, "ஏனக்கா மாத்திறாய்? வடிவாத்தானே கட்டியிருந்தவை" என்று கேட்டான்.

நான் வாயைத் திறக்காமல், என் பெருவிரலால் அந்தத் தழும்பை ஒருமுறை தடவினேன்.